கயிறு மாறிய பின்: குதிரைப் பந்தயத்தில் பழியும் பொறுப்பும்

குதிரைப் பந்தயத்தில் வெல்லும் என்று பெரிதும் நம்பப்பட்ட குதிரை பின்தங்கிவிட்டால், திடலில் கூடியிருப்போரின் சினம் முதலில் அதன் முதுகில் அமர்ந்திருந்த ஜாக்கியின் மீதே விழுகிறது. குதிரையை வாங்கியவர், அதற்குத் தீனி அளந்தவர், லாடம் அடித்தவர், பல மாதங்கள் பயிற்சி தந்தவர், அதன் முதுகில் ஏற்றவேண்டிய எடையைக் கணக்கிட்டவர், எப்படி ஓட்டவேண்டும் என்று உத்தரவிட்டவர் எனப் பலருடைய முடிவுகள் ஒன்றுசேர்ந்து உருவாகும் விளைவுக்கு, ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று நிமிடங்கள் மட்டுமே கடிவாளத்தைப் பிடித்திருக்கும் ஒருவர் பழி ஏற்கிறார். இந்தப் பழி எங்கே நியாயமானது, எங்கே அநியாயமானது என்னும் கேள்வி விளையாட்டு வம்பாக ஒதுக்கத்தக்கதன்று. பொருளும் அதிகாரமும் ஒருவரிடமும் உழைப்பும் ஆபத்தும் மற்றொருவரிடமும் இருக்கும் எல்லாத் தொழில்களிலும் எழும் கேள்வி அது. தமிழகத்தில் குதிரையோடு பிணைந்த வணிகம், போர், பந்தயம் ஆகிய மூன்றின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் அதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது. அந்த வரலாற்றின் சில முக்கியமான இழைகள் புவனகிரி, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வெள்ளாற்றுப் பகுதியோடு தொடர்புடையவை.

தில்லையில் முடியும் குதிரைக் கதை

தமிழ்நாடு நல்ல குதிரைகள் இயல்பாகப் பெருகும் நிலம் அன்று. சங்ககாலம் முதலே குதிரைகள் கடல்வழியாக வந்திறங்கின. பிற்காலப் பாண்டியர் ஆட்சியில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் காயல் முதலிய துறைமுகங்களுக்குக் கொண்டுவரப்பட்டன. அக்காலத்தில் இங்கு வந்த வெனிசு நாட்டுப் பயணி மார்க்கோ போலோ, வாங்கப்பட்ட குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்துபோயின என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இந்நாட்டில் இல்லை என்றும், மீண்டும் மீண்டும் விற்பனை நடக்கவேண்டும் என்பதற்காகவே அயல்நாட்டு வணிகர்கள் குதிரை மருத்துவம் அறிந்தவர்களை இங்கே வரவிடவில்லை என்றும் எழுதியுள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும், பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த தானியத்தையும் வெண்ணெய் கலந்த உணவையும் காய்ச்சிய பாலையும் கொடுத்ததால் குதிரைகள் விரைவில் கெட்டன என்று குறை கூறுகிறார். இவ்விரு சாட்சியங்களும் அயலார் பார்வையில் எழுதப்பட்டவை ஆதலால் அவற்றின் மிகையைக் கழித்தே கொள்ளவேண்டும். ஆயினும் குதிரை ஓடாமற்போனதற்கான காரணத்தை, ஏறியவரிடம் தேடுவதற்கு முன்னால் தீனியிலும் கொட்டிலிலும் வணிக ஏற்பாட்டிலும் தேடவேண்டும் என்பதை அவை இரண்டும் உணர்ந்திருந்தன.

வஸ்ஸாஃப் தரும் மற்றொரு செய்தி பொறுப்பின் வரலாற்றுக்கு இன்னும் முக்கியமானது. ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் என்று விலை உறுதிசெய்யப்பட்டதாகவும், கடற்பயணத்தில் குதிரை காயமுற்றாலோ இறந்தாலோ அதன் விலையும் அரசனுடைய கருவூலத்திலிருந்தே கொடுக்கப்படவேண்டும் என்பது உடன்படிக்கை என்றும் அவர் குறிப்பிடுகிறார். கப்பலில் குதிரையைக் காப்பது வணிகரின் வேலையாயினும் இழப்பு அவரைச் சேராது. காப்பவர் ஒருவராகவும் இழப்பவர் வேறொருவராகவும் இருக்கும் இத்தகைய ஏற்பாட்டில் காப்பதன் கவனம் தளர்வது இயல்பு.

இந்தக் குதிரை வணிகத்தைப் பின்னணியாகக் கொண்டு தமிழ்ச் சமயமரபில் நிலைபெற்ற பெருங்கதை மாணிக்கவாசகருடையது. திருவாதவூரர் எனப்பட்ட அவர் பாண்டியனின் அமைச்சராக இருந்தபோது குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொன்னைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்டார் என்றும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கித் தானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு ஓட்டிவந்தான் என்றும், அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகிக் கொட்டிலில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின என்றும், அதன் பொருட்டு அமைச்சர் தண்டிக்கப்பட்டார் என்றும் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கிறது. துன்பமெல்லாம் கடந்த அடிகள் இறுதியில் தில்லைச் சிற்றம்பலத்தை அடைந்து இறைவனோடு கலந்தார் என்பது மரபு. எனவே இக்கதையின் முடிவிடம் புவனகிரிக்கு அண்மையிலுள்ள சிதம்பரமே ஆகிறது.

அக்கதையில் கயிறு மாறுதல் என்னும் வணிக வழக்கம் ஒன்று பேசப்படுகிறது. விற்பவர் குதிரையின் கயிற்றை வாங்குபவரிடம் ஒப்படைப்பதே விற்பனை நிறைவேறியதன் அடையாளம். கயிறு மாறிய பின் குதிரைக்கு நேர்வனவற்றுக்கு விற்றவர் பொறுப்பாகார். உயிருள்ள பொருளின் விற்பனையில் நாளை என்ன ஆகும் என்பதை எவராலும் உறுதிகூற முடியாது ஆதலால், பொறுப்பு எந்த நொடியில் யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது என்பதை எல்லாரும் காண வரையறுத்துக்கொண்டனர். அந்த வரையறைக்குப் புறம்பாக, கயிற்றைக் கொடுத்தவரும் அல்லாத, வாங்கியவரும் அல்லாத இடைநின்ற அமைச்சரே தண்டனை பெற்றார் என்பது கதையின் போக்கு. அதிகாரம் உள்ளவர் தம் இழப்புக்கு ஒருவரைப் பழிக்க விரும்பும்போது, கையெட்டும் தூரத்தில் நிற்பவர் யாரோ அவரே குற்றவாளியாகிறார் என்பதைப் பந்தயத்தின் பிற்கால வரலாறும் உறுதிப்படுத்துகிறது.

சில்லேதாரும் பார்கீரும்

குதிரை யாருடையது என்பது அது எப்படி ஓட்டப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் என்ற உண்மையை 18ஆம் நூற்றாண்டின் குதிரைப்படைகள் தெளிவாகக் காட்டின. மராத்தியர், நிஜாம், மைசூர் முதலிய அரசுகளின் படைகளில் இருவகைக் குதிரை வீரர்கள் இருந்தனர். சொந்தக் குதிரையோடும் ஆயுதத்தோடும் படையில் சேர்ந்து அதற்கேற்ற ஊதியம் பெற்றவர் சில்லேதார் எனப்பட்டார். அரசோ ஒரு தலைவரோ கொடுத்த குதிரையில் ஏறிப் போரிட்டவர் பார்கீர் எனப்பட்டார். குதிரை இறந்தால் சில்லேதாரின் முதலும் பிழைப்பும் ஒருசேர அழியும். ஆகையால் அவர் குதிரையை வலுவான எதிரியின் மீது செலுத்தத் தயங்குவது உண்டு என்று அக்காலப் படைமுறையை ஆராய்ந்தவர்கள் குறிப்பிட்டுள்ளனர். வீரரின் தயக்கம் கோழைத்தனமாகத் தோன்றினாலும் அதன் வேர் படையின் பொருளாதார ஏற்பாட்டில் இருந்தது.

இத்தகைய குதிரைப்படைகளின் குளம்படி வெள்ளாற்றுப் பகுதியில் மிக உரக்கக் கேட்ட ஆண்டு 1781. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலியின் காவலில் அரண்போல் இருந்த சிதம்பரம் கோயிலைக் கைப்பற்ற முயன்ற ஆங்கிலத் தளபதி ஐயர் கூட் தோல்வியுற்றுப் பின்வாங்கினார். ஜூலை 1ஆம் நாள், வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டைக்கு அருகே, குதிரைப்படையில் மிகுந்த வலிமை கொண்டிருந்த ஐதரின் பெரும்படையைக் கூட் தம் சிறிய படையால் வென்றார். கடலோர மணல்மேடுகளும், அவற்றைப் பற்றிக்கொண்ட ஆங்கிலக் காலாட்படையும் பீரங்கிகளும், கடலில் நின்ற கப்பல்களின் துணையும் சேர்ந்து குதிரைப்படையின் பாய்ச்சலைப் பயனற்றதாக்கின. அன்று தோற்றவை குதிரைகளோ அவற்றின் மீதிருந்தவர்களோ அல்ல. களத்தின் இயல்பே அவர்களுக்கு எதிராக அமைந்திருந்தது. நிலத்தையும் தொலைவையும் எதிராளியின் வலிமையையும் சேர்த்து எடைபோடாமல் ஏறியவரின் திறமையை மட்டும் அளப்பது பொருளற்றது என்னும் இப்பாடம் பந்தயத் திடலுக்கும் பொருந்தும்.

பந்தய ஜாக்கி இவ்வகையில் சில்லேதாரின் வழிவந்தவர் அல்லர். அவர் பார்கீரின் வழித்தோன்றல். குதிரை அவருடையது அன்று. அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் பல வேளைகளில் அவருக்கு இல்லை. எந்தப் பந்தயத்தில், எந்தத் தொலைவில், எந்த நாளில் ஓடவேண்டும் என்பதை அவர் முடிவுசெய்வதில்லை. இழப்பின் பொருட்சுமை உரிமையாளரையும் பணம் கட்டியவர்களையும் சேர, உயிராபத்தும் பெயர்க்கேடும் ஜாக்கியைச் சேர்கின்றன.

கிண்டித் திடலும் கைமாறும் பொறுப்பும்

சென்னைக் கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777இல் தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. மூன்றாண்டுகளில், 1780இல், ஐதரின் குதிரைப்படை சென்னையின் புறப்பகுதிகளை எட்டியபோது பந்தயங்கள் தடைப்பட்டன. அமைதி திரும்பிய பின் அவை மீண்டும் உயிர்பெற்று, 1896இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் என்னும் கழகம் முறையாக நிறுவப்பட்டது. குளிர்காலத்தில் கிண்டியிலும் கோடையில் உதகமண்டலத்திலும் அக்கழகம் பந்தயங்களை நடத்திவந்தது. படை அதிகாரிகளும் ஆட்சியாளர்களும் தம் சொந்தக் குதிரைகளில் தாமே ஏறிய தொடக்கக் காலத்தில் பழியைப் பற்றிய சிக்கல் பெரிதாக எழவில்லை. உரிமையாளரும் சவாரி செய்பவரும் ஒருவராகவே இருந்தமையால் தோல்விக்கு வேறு ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. கூலிக்கு ஏறும் தொழில்முறை ஜாக்கிகள் வந்து, ஜமீன்தார்களும் அரசர்களும் வணிகர்களும் உரிமையாளர்களாகி, பொதுமக்கள் பணம் கட்டத் தொடங்கிய பிறகுதான் பொறுப்பு பல கைகளாகப் பிரிந்தது.

அந்தக் கைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பது பயனுடையது. முதலில் நிற்பவர் உரிமையாளர். குதிரையின் குலவழியைப் பார்த்து வாங்குவதும், பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பதும், சில வேளைகளில் ஜாக்கியைப் பெயர் குறித்து அமர்த்துவதும் அவர் முடிவுகள். தமிழக உரிமையாளர்களில் புகழ்பெற்றவர்களாகத் திரைப்பட அதிபர் எஸ்.எஸ். வாசனையும், மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் தலைவராக விளங்கிய எம்.ஏ.எம். ராமசாமியையும் குறிப்பிடலாம். பிந்தியவர் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராகவும் இருந்தவர். இந்தியாவில் கிளாசிக் எனப்படும் தலையாய பந்தயங்களில் மிகப் பலவற்றை வென்ற உரிமையாளர் என்ற பெருமை உடையவர். ஒரே வீட்டுக் குதிரைகள் பல ஒரே பந்தயத்தில் ஓடும் அளவுக்குப் பெரிய லாயங்களில், எந்தக் குதிரைக்கு எந்த ஜாக்கி என்ற பங்கீடே முடிவின் பாதியைத் தீர்மானித்துவிடக்கூடும்.

அடுத்து வருபவர் பயிற்சியாளர். குதிரையின் மூச்சும் தசையும் எந்த அளவுக்குப் பக்குவப்பட்டுள்ளன, எவ்வளவு தொலைவு ஓடத் தகும், ஈரத்தரையில் ஓடுமா, முன்னால் ஓட விரும்பும் இயல்புடையதா, கூட்டத்தின் பின்னே அடங்கி நின்று கடைசியில் பாயும் இயல்புடையதா என்பவற்றை அறிந்து, பந்தயத்துக்குச் சற்று முன் குதிரைகள் வலம்வரும் வளாகத்தில் அவர் ஜாக்கிக்கு உத்தரவு தருகிறார். உத்தரவுப்படி பின்னால் அடங்கி வந்து வழி கிடைக்காமல் தோற்ற ஜாக்கியும், உத்தரவை மீறி முன்னே விரட்டித் தோற்ற ஜாக்கியும் திடலின் பார்வையில் ஒன்றுபோலவே தெரிவர். ஆனால் முதலாமவரின் தோல்வியில் உத்தரவிட்டவருக்கும் பங்குண்டு. பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் இடையே, இரவும் பகலும் குதிரையோடு உறங்கி எழும் சைஸ் எனப்படும் குதிரைக்காரரும் லாடம் அடிப்பவரும் இருக்கின்றனர். கால் சிறிது வீங்கியதையோ தீனி மிஞ்சியதையோ முதலில் காண்பவர் சைஸ். அவர் சொன்னது கேட்கப்பட்டதா என்பதைப் பொறுத்து மறுநாள் பந்தயம் அமைகிறது.

இன்னொரு கை கழகத்தின் எடைக் கணக்கருடையது. ஹேண்டிகேப் எனப்படும் முறையில், திறமை மிகுந்த குதிரைக்கு அதிக எடையும் குறைந்த குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றப்பட்டு எல்லாக் குதிரைகளும் ஏறத்தாழச் சமமாக்கப்படுகின்றன. தொடர்ந்து வென்ற குதிரையின் எடை கூடிக்கொண்டே போவதால் ஒரு கட்டத்தில் அது தோற்றாகவேண்டும். அத்தோல்வி அம்முறையின் நோக்கமே தவிர ஜாக்கியின் குறை அன்று. அனுபவம் குறைந்த பயிற்சி ஜாக்கிகளுக்குச் சில கிலோ எடைக்கழிவு தரப்படுவதும் உண்டு. எடை குறைகிறது என்பதற்காகவே கடினமான குதிரையில் இளையவர் ஒருவரை ஏற்றிவிட்டு, பின்னர் அவர் அதை அடக்கத் தெரியாமல் திணறினார் என்று குறைகூறுவது நியாயமாகாது.

எடை ஜாக்கியின் உடலையும் வருத்துகிறது. குறைந்த எடையில் ஏறுவதற்காகப் பட்டினி கிடந்தும் வியர்வை சிந்தியும் நீர் அருந்தாமலும் உடலை வற்றச்செய்யும் வழக்கம் உலகெங்கும் இத்தொழிலைப் பீடித்துள்ளது. இங்கிலாந்தில் 2,748 வெற்றிகள் பெற்று 13 ஆண்டுகள் முதன்மை ஜாக்கியாக விளங்கிய பிரெட் ஆர்ச்சர் 1886இல் 29 வயதிலேயே இறந்தார். தன் உயரத்துக்குப் பொருந்தாத எடைக்கு உடலைக் கொண்டுவர அவர் மேற்கொண்ட கடும் உண்ணாமையும் அவர் வாழ்வைச் சீர்குலைத்த காரணங்களில் ஒன்று. உடல் நீரிழந்த ஒருவரின் கையும் கண்ணும் கணிப்பும் தளரும். அந்தத் தளர்ச்சியால் விளையும் மோசமான சவாரிக்குக் குறைந்தபட்ச எடையை வகுத்த விதியும் பொறுப்பேற்கவேண்டும்.

1791: ஒரு குதிரை, இரண்டு நாள், ஒரு தீர்ப்பு

மோசமான சவாரிக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வி முதன்முதலாகப் பெரும் பொது வழக்காக எழுந்தது இங்கிலாந்தின் நியூமார்க்கெட் திடலில். 1791 அக்டோபர் 20 அன்று, வேல்ஸ் இளவரசரின் குதிரையான எஸ்கேப், சாமுவேல் சிஃப்னி என்னும் புகழ்பெற்ற ஜாக்கியின் கீழ் இரண்டு மைல் பந்தயத்தில் வெல்லும் என்று பெரிதும் நம்பப்பட்டு, நான்கு குதிரைகளில் கடைசியாக வந்தது. மறுநாள் நான்கு மைல் பந்தயத்தில் அதே ஜாக்கியோடு ஓடி, முதல்நாள் தன்னை முந்திய குதிரை உட்பட எல்லாவற்றையும் வென்றது. முதல்நாள் தோல்வியால் மறுநாள் அதன்மீது ஒன்றுக்கு ஐந்து என்னும் உயர்ந்த விகிதம் கிடைத்திருந்ததால், ஜாக்கி முதல்நாள் வேண்டுமென்றே குதிரையை இழுத்துப் பிடித்தார் என்ற ஐயம் எரியத் தொடங்கியது.

பந்தய விதிகளை வகுத்துவந்த ஜாக்கி கிளப்பின் ஸ்டூவர்டுகள், அதாவது திடலில் ஒழுங்கு காத்துத் தண்டிக்கும் அதிகாரம் பெற்ற நடுவர்கள், சர் சார்லஸ் பன்பரி தலைமையில் சிஃப்னியை விசாரித்தனர். முடிவில், சிஃப்னி ஏறிக்கொண்டிருக்கும் வரை எந்தக் கண்ணியவானும் இளவரசரின் குதிரைகளோடு தம் குதிரைகளை ஓடவிடமாட்டார் என்று இளவரசருக்குத் தெரிவிக்கப்பட்டது. இளவரசர் தம் ஜாக்கியைக் கைவிடவில்லை. நியூமார்க்கெட்டையே துறந்து, சிஃப்னிக்கு ஆண்டுக்கு 200 கினி உதவித்தொகையும் ஏற்படுத்தினார். பின்னாளில் வறுமையுற்ற சிஃப்னி அந்தத் தொகையை விற்றார். 1807இல் லண்டனில் கடனாளிகளை அடைக்கும் சிறையில் இறந்தார்.

சிஃப்னி தம் பக்கத்தை ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். முதல்நாள் எஸ்கேப் போதிய கடும் பயிற்சி பெறாமல் களமிறங்கியது என்றும், அந்தப் பந்தயமே அதன் உடலைத் திறந்துவிட்டதால் மறுநாள் நன்கு ஓடியது என்றும், நீண்ட தொலைவே அதற்கு ஏற்றது என்றும் அவர் வாதிட்டார். இவ்விளக்கத்தில் ஓர் உண்மை தெளிவாக உள்ளது: குதிரையின் பக்குவம் ஜாக்கியின் கையில் இல்லை. மேலும், கடிவாளத்தைத் தளர்த்தி வைத்துக்கொண்டு கடைசித் தொலைவு வரை காத்திருந்து பாய்வது சிஃப்னியின் தனிப்பாணி. அப்பாணி வெற்றி தரும்போது கலை என்று புகழப்பட்டது. தோல்வி தரும்போது அதே பொறுமை சதி என்று தோன்றியது. அவர் குற்றமற்றவர் என்று அந்தச் சான்றுகளைக்கொண்டு மெய்ப்பிக்க இயலாது. ஆனால் அவர் குற்றவாளி என்றும் மெய்ப்பிக்கப்படவில்லை. பயிற்சி முறையை எவரும் விசாரிக்காமல் ஜாக்கியை மட்டும் விசாரித்ததே அத்தீர்ப்பின் பெருங்குறை.

அக்காலத்திலும் அதன்பின் நெடுநாளும், ஒரே பந்தயத்தில் இரு குதிரைகளை ஓடவிடும் உரிமையாளர் இன்ன குதிரையால் வெல்ல விரும்புகிறேன் என்று முன்னரே அறிவிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் ஏற்கப்பட்டிருந்தது. அவ்வாறு அறிவித்த பின் மற்றொரு குதிரையின் ஜாக்கி அதை இழுத்துப் பிடித்தால் குற்றமாகக் கருதப்படவில்லை. உரிமையாளரின் சொல்லால் நடக்கும்போது ஒழுங்காகவும் ஜாக்கியின் கையால் நடக்கும்போது இழிவாகவும் ஒரே செயல் மதிப்பிடப்பட்டது என்பது, பழியின் அளவுகோல் செயலைச் சார்ந்திராமல் செய்பவரின் படிநிலையைச் சார்ந்திருந்தது என்பதற்குத் தெளிவான சான்று.

ஜாக்கியே பொறுப்பாகும் இடங்கள்

இவற்றால் ஜாக்கிக்குப் பொறுப்பே இல்லை என்று முடிவு கட்டுவது தவறாகும். கதவுகள் திறந்த நொடி முதல் இறுதிக்கம்பத்தைக் கடக்கும் வரை அவர் எடுக்கும் முடிவுகள் அவருடையவை. 1957 மே மாதம் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் பில் ஷூமேக்கர், இறுதிக்கம்பத்துக்குச் சுமார் 100 மீட்டர் முன்னே இருந்த மற்றொரு கம்பத்தை முடிவிடமாகத் தவறாகக் கருதி அங்கவடியில் ஒரு கணம் எழுந்து நின்றார். அதனால் அவர் ஏறியிருந்த கேலண்ட் மேன் மூக்களவில் தோற்றது. பிழை ஐயத்துக்கு இடமின்றி அவருடையது. அவருக்கு 15 நாள் தடை விதிக்கப்பட்டது. ஆனால் உரிமையாளர் அவரை விலக்கவில்லை. அடுத்த மாதம் பெல்மான்ட் பந்தயத்தில் அதே ஜாக்கி அதே குதிரையில் எட்டுக் குதிரை நீள இடைவெளியில் வென்றார். பிழையை ஏற்பதும், அதற்குரிய அளவில் தண்டிப்பதும், அதன்பின் மீண்டும் நம்புவதும் ஒன்றாக நடந்த அரிய நிகழ்வு அது.

இதைவிடச் சிக்கலானது 1986ஆம் ஆண்டின் எப்சம் டெர்பி. கிரெவில் ஸ்டார்க்கி ஏறிய டான்சிங் பிரேவ் மிகவும் பின்னால் அடங்கி வந்து, கடைசி நேரத்தில் அசாத்தியமான வேகத்தில் பாய்ந்தும் அரை நீளத்தில் ஷாரஸ்தானியிடம் தோற்றது. பந்தயத்தின் ஓட்டவேகம் மெதுவாக இருந்தால் முன்னால் செல்பவை களைப்படைவதில்லை. அத்தகைய நிலையில் பின்னால் காத்திருப்பவருக்கு இடைவெளியைக் கடக்கத் தொலைவு போதாது. ஓட்டவேகத்தை உணர்ந்து தன் இடத்தை மாற்றிக்கொள்வது ஜாக்கியின் கலையின் உயிர்நாடி ஆகையால், ஸ்டார்க்கி மீது விழுந்த விமரிசனம் முற்றும் அடிப்படையற்றதன்று. எனினும் எப்சம் திடலின் செங்குத்தான இறக்கத்தில் அக்குதிரை சமநிலை இழந்து தடுமாறியது என்ற விளக்கமும் உண்டு. ஒரே சவாரியில் கணிப்பின் பிழையும் குதிரையின் இயல்பும் திடலின் அமைப்பும் பின்னிக் கிடக்கின்றன என்பதையே இவ்வழக்கு காட்டுகிறது.

தற்காலப் பந்தய விதிகள், குதிரை அடையக்கூடிய மிகச் சிறந்த இடத்தைப் பெற ஜாக்கி நியாயமான எல்லா முயற்சிகளையும் மேற்கொள்ளவேண்டும் என்று வகுத்துள்ளன. இவ்விதி தோற்றவரைத் தண்டிப்பதில்லை, முயலாதவரைத் தண்டிக்கிறது. பல கோணங்களிலிருந்து எடுக்கப்படும் ஒளிப்பதிவுகளும், குதிரைக்கு மருத்துவச் சோதனை செய்வதும் இவ்வேறுபாட்டை அறிய உதவுகின்றன. திடலின் வழக்கில் ‘குதிரையை இழுத்துவிட்டார்’ என்று ஒரே சொல்லில் முடிந்துபோகும் குற்றச்சாட்டு, விசாரணையில் திறமைக் குறைவு, கணிப்புப் பிழை, உத்தரவுக்குக் கீழ்ப்படிதல், வேண்டுமென்றே செய்த வஞ்சனை என்று நான்காகப் பிரிக்கப்படவேண்டும். நான்காவதற்கு மட்டுமே கடுந்தண்டனை தகும். மூன்றாவதில் உத்தரவிட்டவரையும் கூண்டில் நிறுத்தவேண்டும்.

உச்ச நீதிமன்றம் திறமையை ஏற்றபோது

தமிழகத்தில் இக்கேள்வி எதிர்பாராத வடிவில் நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தை எட்டியது. உழைக்கும் குடும்பங்களைப் பந்தயம் சீரழிக்கிறது என்ற கவலையால் 1974இல் தி.மு.க. அரசு குதிரைப் பந்தயத்தையும் அதன்மீது பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986இல் அ.தி.மு.க. அரசு மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே கையகப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. இவற்றை எதிர்த்த வழக்கில், கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்று அறியப்படும் தீர்ப்பை 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கியது. குதிரைப் பந்தயம் தற்செயலைச் சார்ந்த சூதாட்டம் அன்று. குதிரையின் வேகம், தாக்குப்பிடிக்கும் ஆற்றல், அதற்குத் தரப்பட்ட பயிற்சி, ஜாக்கியின் திறமை ஆகியவற்றைப் பெரிதும் சார்ந்த விளையாட்டு என்று நீதிமன்றம் கூறியது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தையும் செல்லாது என்றது.

சூதாட்டமா விளையாட்டா என்னும் கேள்விக்காகவே அத்தீர்ப்பு பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. பழியின் வரலாற்றிலும் அதற்கு உரிய இடம் உண்டு. பந்தயம் தற்செயல் என்றால் தோல்விக்கு எவரும் பொறுப்பல்லர். அது திறமை என்றால், பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பு திறமை எத்தனை கைகளில் உள்ளதோ அத்தனை கைகளிலும் உண்டு. குதிரையின் ஆற்றலையும் பயிற்சியையும் ஜாக்கியின் திறனையும் நீதிமன்றம் ஒரே வரிசையில் வைத்ததன் தருக்கமான முடிவு, வெற்றியின் பரிசுத்தொகை உரிமையாளர், பயிற்சியாளர், ஜாக்கி எனப் பகிரப்படுவதுபோலத் தோல்வியின் விசாரணையும் பகிரப்படவேண்டும் என்பதே.

நடைமுறை அந்த அளவுக்கு வளரவில்லை. ஸ்டூவர்டுகள் கழகங்களின் உறுப்பினர்களிலிருந்து வருவதும், உறுப்பினர்களில் பலர் குதிரை உரிமையாளர்களாக இருப்பதும் நெடுநாள் வழக்கமாதலால், விசாரிப்பவரும் உத்தரவிடுபவரும் ஒரே சமூக வட்டத்தைச் சேர்ந்தவர்களாகவும் விசாரிக்கப்படுபவர் மட்டும் வெளியே நிற்கும் தொழிலாளியாகவும் அமைந்துவிட்டனர். ஊதியம் பெறும் தனி ஸ்டூவர்டுகளை அமர்த்தியதும், மேல்முறையீட்டுக்கு வழிவகுத்ததும் இக்குறையை ஓரளவு குறைத்த சீர்திருத்தங்கள். பயிற்சியாளர் தந்த உத்தரவைப் பந்தயத்துக்கு முன்பே எழுத்தில் பதிவுசெய்வதும், விசாரணையின் முடிவோடு அதன் காரணங்களையும் பொதுமக்களுக்கு வெளியிடுவதும் எல்லாத் திடல்களிலும் கட்டாயமாகும்போதே அச்சீர்திருத்தம் முழுமை பெறும். பணம் கட்டியவரின் ஏமாற்றம் உண்மையானது; அதற்கு விடை பெறும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அவ்விடை வசைச்சொல்லாக இல்லாமல் ஆவணமாக இருக்கவேண்டும்.

குத்தகை நிலுவை தொடர்பான நீண்ட வழக்குகளுக்குப் பின், 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கிண்டித் திடலின் சுமார் 160 ஏக்கர் நிலத்துக்கான குத்தகையை முடிவுக்குக் கொண்டுவந்து நிலத்தைத் தன் வசப்படுத்தியது. நிலத்தைப் பொதுநலனுக்குப் பயன்படுத்தவேண்டும் என்னும் வாதத்துக்கு வலிமை உண்டு. அதே வேளையில், அத்திடலை நம்பி வாழ்ந்த ஜாக்கிகளும் சைஸ்களும் லாடம் அடிப்பவர்களும் இரண்டு நூற்றாண்டுகளாக ஈட்டிய தொழிலறிவு எங்கும் முறையாக எழுதப்படவில்லை. கழகத்திடம் உள்ள பந்தயப் பதிவேடுகளும் விசாரணைக் குறிப்புகளும் ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு, தொழிலாளர்களின் வாய்மொழி வரலாறும் அவற்றோடு சேர்த்துத் தொகுக்கப்படவேண்டும். தண்டித்தவர்களின் ஏடுகளை மட்டுமே கொண்டு எழுதப்படும் வரலாறு ஜாக்கியை மீண்டும் ஒருமுறை சாட்சி கேளாமலே குற்றவாளியாக்கும். அவர்களுள் மூத்தவர்கள் உயிரோடிருக்கும் இக்காலத்திலேயே அவர்கள் தரப்பைக் கேட்டுப் பதிவுசெய்வது தமிழக வரலாற்றுத் துறையினரின் உடனடிக் கடமையாகும்.